மூணாவது ரிமோட்

பத்து மணிக்கு வாரேன் என்று சொல்லியிருந்த சிவபாண்டி பத்தேகாலுக்கு வந்தான். வண்டியின் பின்னால் மடக்கு ஏணி கட்டியிருந்தது. இவாஞ்சலின் ஒன்பதரையிலிருந்தே கார் ஷெட்டு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த ரிமோட் வேர்வையில் பிசுபிசுத்தது.

"எந்த ரிமோட்டு சிஸ்டர்?" என்றான் சிவபாண்டி.

முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். ராஜபாளையத்தில் பாதிப் பேருக்கு அவள் இன்னமும் சிஸ்டர்தான்.

"இது. என்னோடதும் ஓடுது, எங்க வீட்டு சாரோடதும் ஓடுது. இது மட்டும் ஓடலை."

"அதான் போன்லயே சொன்னேன். ஒண்ணு மட்டும் ஓடலைன்னா புதுசு வாங்கிச் சேத்துக்கிடலாம். இதப் போட்டு நோண்டுறதுக்கு அது லேசு."

"புதுசு வேண்டாம் தம்பி. இதுதான் ஓடணும்."

சிவபாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். ரிமோட்டைப் பார்த்தான். அது கோர்த்திருந்த வளையத்தில் சாவி எதுவும் இல்லை. யாருடையது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. போய் ஏணியை அவிழ்த்தான்.

மெல்வின் அவளுக்கு ஒரே பிள்ளை. டிப்ளமா முடித்து, சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் எலக்ட்ரீசியனாக இருந்தான். ஷட்டருக்கு மோட்டார் வைத்ததும் அவன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் இவாஞ்சலினுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் ஆனது. டியூட்டிக்கு ஸ்கூட்டியை எடுக்க வேண்டுமென்றால் ஷட்டரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவதை மெல்வின் ஒரு நாள் பார்த்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போட்டுப் போன சட்டையைக்கூட மாற்றாமல் ஏணியில் ஏறினான். பொழுது சாய்வதற்குள் மோட்டார் ஓடியது. மூன்று ரிமோட்டையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தான்.

"உனக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இனிமே நீ கையத் தூக்கவேண்டாம்மா."

அதிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு ஒரு சத்தம் பழகிப்போனது. தெருமுனை திரும்பும்போதே மெல்வின் ரிமோட்டை அமுக்கிவிடுவான். ஷட்டர் கடகடவென்று ஏறுவது அடுப்படி வரைக்கும் கேட்கும். உடனே அவள் பாலை அடுப்பில் வைப்பாள். அவன் ஷூவைக் கழற்றி முகம் கழுவி வருவதற்கும் டீ கொதிப்பதற்கும் சரியாக இருக்கும்.

போன ஆகஸ்டில் அந்தச் சத்தம் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருக்கும் கார்த்திகாவை மெல்வின் ரிஜிஸ்தர் ஆபீஸில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். வன்னியம்பட்டியில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். வேற சாதி, வேற சாமி. இரண்டு மாசம் வீட்டில் கேட்டுப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் செய்தான். அவள் வீட்டுக்காரர் ஞானரத்தினம் சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டையர் ஆனவர். சபைக் கமிட்டியில் இருப்பவர். மகன் போனில் விஷயத்தைச் சொன்னபோது "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லி போனை வைத்தார். அப்புறம் அந்த வீட்டுப் பேச்சில் மெல்வின் பேரே வரவில்லை.

இவாஞ்சலின் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் மகனுடன் பேசுவாள். "நான் எப்பம்மா வரட்டும்?" என்று அவன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். "அப்பாவுக்குக் கோவம் ஆறட்டும்யா. ஆறுனதும் நானே கூப்பிடுதேன். செத்த பொறு" என்பாள். எட்டு மாசம் அப்படியே போனது. ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புகையில், ரோட்டில் மாடு குறுக்கே வந்து வண்டி சரிந்து, மெல்வின் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னாலேயே போய்ச் சேர்ந்தான்.

ராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். குழிமேட்டில் நின்றபோதும், அழுது ஓய்ந்த பிறகும், இவாஞ்சலினுக்கு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு வருத்தம் உள்ளே கிடந்தது. நான்தான் பொறு என்று சொன்னேன், சரி. அவர்தான் முறுக்கிக்கொண்டார், சரி. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிள்ளை, பெத்தவளைப் பார்க்க ஒரே ஒரு தடவை, கோபித்துக்கொண்டாவது, வந்திருக்கலாமே. தினமும் இதே ஊருக்குத்தானே வேலைக்கு வந்து போனான்.

மூன்று நாளைக்கு முன்னால் கார்த்திகா வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். முன்னறையில் ஞானரத்தினம் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"வண்டிய எங்கண்ணன் எடுத்துக்கிட்டான் அத்தை. சாவியோட இது இருந்துச்சு. உங்க வீட்டுதுல்ல, அதான்" என்று ரிமோட்டை நீட்டினாள்.

உள்ளே வா என்று இவாஞ்சலின் சொல்வதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். ரிமோட்டை வாங்கின கையோடு இவாஞ்சலின் ஷெட்டுக்குப் போய் பட்டனை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஷட்டர் அசையவில்லை. கிட்டப் போய் அமுக்கினாள், எட்டப் போய் அமுக்கினாள். மகன் கைபட்ட அந்தப் பட்டனால் ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வேறு எதற்கும் இல்லை.

சிவபாண்டி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சின்ன ஸ்குரு டிரைவரால் ரிமோட்டைத் திறந்தான். விரல்நுனி அளவு பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தான்.

"பன்னெண்டு வோல்ட் சுத்தமா இருக்கு. பேட்டரில கோளாறு இல்லை." உள்ளே ஊதினான். தகட்டைத் துணியால் துடைத்தான். பட்டனுக்கு அடியில் இருந்த ரப்பரை நகத்தால் நெம்பிப் பார்த்தான். "துரு இல்லை, தண்ணி போகலை. கீழ விழுந்த அடி மேல்மூடிலதான் இருக்கு, உள்ள ஒண்ணும் ஆகலை." பையிலிருந்து இன்னொரு சின்னப் பெட்டியை எடுத்து ரிமோட்டை அதன் பக்கத்தில் வைத்து அமுக்கினான். பெட்டியில் முள் துள்ளியது. "சிக்னலும் போவுது சிஸ்டர். ரிமோட்டு நல்லாருக்கு."

"பொறவு ஏன் தொறக்கலை?"

"சிக்னல வாங்குற இடத்துலதான் பாக்கணும்."

ஏணியை விரித்து ஏறி, மோட்டாருக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினான். ஏரியல் வயரை இழுத்துப் பார்த்தான். அவளுடைய ரிமோட்டை அமுக்கச் சொன்னான். உள்ளே பச்சை விளக்கு மின்னி ஷட்டர் ஒரு சாண் ஏறியது. தன் கையிலிருந்த மெல்வின் ரிமோட்டை அமுக்கினான், விளக்கு மின்னவில்லை. சிவபாண்டி பெட்டிக்குள் விரலை நீட்டிக் காட்டினான்.

"இதுல ஒரு பட்டன் இருக்கு சிஸ்டர். அத ஒரு தட்டு தட்டிட்டு ரிமோட்ட அமுக்குனா, அந்த ரிமோட்ட இது ஞாபகம் வச்சிக்கிடும். அதே பட்டன எட்டு பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சா, இருக்கிற அம்புட்டையும் மறந்துரும். இந்த ரிமோட்டு இதோட ஞாபகத்துல இல்லை."

"தானா மறந்துருமா? கரண்டு போயிப் போயி வருதே."

"கரண்டு போனாலும் மறக்காது." அவன் அவளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தே சொன்னான். "அப்படியே மறந்தாலும் மூணும் சேந்துதான் போவும். ரெண்டு ஓடி ஒண்ணு ஓடலைன்னா, யாரோ எல்லாத்தையும் அழிச்சிட்டு ரெண்ட மட்டும் திருப்பிச் சேத்துருக்காக."

இவாஞ்சலின் ஏணியைப் பார்த்தாள். போன செப்டம்பர் முதல் ஞாயிறு. திருவிருந்து ஆராதனை முடிந்து வந்த மத்தியானம். "ரிமோட்டு சரியா எடுக்க மாட்டேங்குது, உன்னோடதையும் எடுத்துட்டு வா" என்று ஞானரத்தினம் ஏணி போட்டு ஏறினார். அறுபத்திமூன்று வயசு, ஏணி ஆடியது. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள்தான். ஒரு தடவை "இப்ப அமுக்கு" என்றார், அமுக்கினாள். ஷட்டர் ஏறியதும் "சரியாயிருச்சு" என்று அவள்தான் சொன்னாள்.

"சிஸ்டர், உக்காருங்க" என்றான் சிவபாண்டி. "ஒரு நிமிச வேலைதான். சேத்து விட்டுருதேன்."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் பட்டனைத் தட்டி ரிமோட்டை அமுக்கிவிட்டான். ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. மூன்று நாளாகக் கேட்கத் தவித்த அதே சத்தம். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

சத்தம் நின்றதும் சிவபாண்டி இறங்கி வந்து ரிமோட்டின் பின்மூடியைப் பொருத்தப் போனவன், முன்பு கவனிக்காத ஒன்றைக் கண்டு நின்றான். "பேட்டரிய யாரு சிஸ்டர் மாத்துனது? தேதி எழுதி ஒட்டிருக்கு."

பேட்டரி மேல் நகக்கண் அளவு வெள்ளை டேப்பு. அதில் நீலப் பேனாவால் 28/3. மெல்வின் எழுத்து. சுவர்க்கடிகாரத்தில் பேட்டரி போட்டாலும் இப்படித் தேதி எழுதி ஒட்டுகிற பிள்ளை.

மார்ச் இருபத்தெட்டு குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். அவள் கோயிலில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து ஓலைச் சிலுவை பின்னிக்கொண்டிருந்தாள். ஆகஸ்டிலிருந்து இந்த வீட்டுக்கே வராதவன், இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் உதவாத ரிமோட்டுக்கு மார்ச் மாசம் எதற்காகப் பேட்டரி மாற்றினான்?

சிவபாண்டி போனதும் அவள் வீட்டைப் பூட்டினாள். ஞானரத்தினம் பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் இருந்தது. மகன் குடியிருந்த வீட்டுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. கோர்ட்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை. கார்த்திகா பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாசக் கடைசியில் வன்னியம்பட்டிக்கே போகிறாள். அத்தையைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலி மேல் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

"மெல்வின் வீட்டுக்கு வந்தானாம்மா? மார்ச்சு மாசம்?"

கார்த்திகா அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவை வந்தாக அத்தை. மொதத் தடவை நான்தான் போகச் சொன்னேன். உங்க தோள்பட்டைக்கு ஒத்தடம் குடுக்க கரண்டுல சுடுற பை ஒண்ணு வாங்கிருந்தாக, அதக் குடுத்துட்டு வாரேன்னு போனாக. போன வேகத்துல திரும்பி வந்துட்டாக. 'பேட்டரி போச்சு போல, தொறக்கலை'ன்னாக. அன்னைக்குச் சாயங்காலமே இங்க கடையில புதுசு வாங்கிப் போட்டாக."

"ரெண்டாந்தடவை?"

"ஈஸ்டருக்கு மொத நா. மறுபடி போனாக. அன்னைக்கு வந்து ஒண்ணும் பேசலை. இந்தா, இந்த சன்னல்கிட்ட நின்னுக்கிட்டே இருந்தாக. நானா கேட்டேன், தொறக்கலையான்னு. 'பேட்டரி இல்லை, என்னைய எடுத்துட்டாங்க'ன்னாக. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. தொறக்கலைன்னா பெல்ல அடிச்சிருக்கலாம்லன்னு கேட்டேன்." கார்த்திகா சன்னலைப் பார்த்தாள். "'பெல் அடிச்சு உள்ள போற வீடா அது'ன்னு கேட்டாக. அதோட அந்தப் பேச்ச விட்டுட்டாக."

"எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாமே அவன்."

"நான் சொன்னேன் அத்தை. 'அம்மாவுக்குத் தெரியாம இருக்காது, அவுகளக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்'னுட்டாக."

இவாஞ்சலினுக்கு அந்த இடத்தில்தான் உயிர் போனது. அம்மாவுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே மூன்று வாரம் இருந்திருக்கிறான். அப்படி நினைத்துக்கொண்டேதான் அந்த வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்திருக்கிறான். நடுவில் அவளிடம் போனில் பேசினான்; ஈஸ்டருக்குக் கறி எடுத்தீங்களா என்று கேட்டான்; எப்ப வரட்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் விட்டது அவளுக்கு அப்போது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது. ஏணியப் பிடிச்சது நான்தான். என்ன செய்யுதாகன்னு தெரியாமப் பிடிச்சேன்."

கார்த்திகா நகர்ந்து வந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அடக்கத்தன்று ஆளுக்கொரு மூலையில் நின்று அழுதவர்கள். கிளம்பும்போது கார்த்திகா அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒத்தடப் பையை எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரன் போட்ட கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. ஞானரத்தினம் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்து, ஆறிப்போன சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவாஞ்சலின் எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"மெல்வின் ரிமோட்ட அழிச்சது நீங்கதான?"

அவர் தட்டில் விரலால் கோடு இழுத்தார். "ஆத்திரத்துல செஞ்சது. மறுவாரமே மனசு கேக்கலை. திருப்பிச் சேக்கணும்னா அந்த ரிமோட்டு வேணும். அது அவன் கையில இருக்கு. அவன் வந்தாத்தான சேக்க முடியும்."

"அவன் வந்தான்."

"தெரியும்" என்றார்.

இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பார், யார் சொன்னது என்று அதட்டுவார் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"ஈஸ்டருக்கு மொத நா. நீ பாட்டுப் பழகப் போயிருந்த. நான் மாடியில இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். ஷெட்டு முன்னால நின்னு அமுக்குனான். பின்னால போயி அமுக்குனான். கையில ஒரு கவரு வச்சிருந்தான்." அவர் குரல் ஸ்டேஷனில் வாக்குமூலம் சொல்பவன் குரல் மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. "கீழ எறங்கி வந்தேன். வாசக்கதவுக்குப் பின்னால வந்து நின்னேன். கொண்டியில கைய வச்சிட்டுத்தான் நின்னேன் இவா. பெல் அடிச்சிருந்தான்னா அந்த நிமிசமே தொறந்திருப்பேன்."

"எம்புட்டு நேரம் நின்னீங்க?"

"வண்டி கெளம்பிப் போற வரைக்கும்."

"நீங்களே தொறந்தா என்ன?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். முப்பத்தாறு வருஷம் காக்கி போட்டவர். யார் வீட்டுக் கதவையும் தட்டித் திறக்கவைத்தவர்.

மெல்வின் கார்த்திகாவிடம் சொன்னதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று இவாஞ்சலின் யோசித்தாள். சொன்னால் இந்த மனுஷன் இனி எப்படித் தூங்குவார் என்றும் யோசித்தாள். பிறகு, தான் மட்டும் எப்படித் தூங்கப் போகிறோம் என்று தோன்றியது.

"பெல் ஏன் அடிக்கலைன்னு அந்தப் பிள்ள கேட்டிருக்கா. 'பெல் அடிச்சு உள்ள போற வீடா அது'ன்னு சொன்னானாம்."

ஞானரத்தினம் எழுந்தார். எச்சில் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுக் கை கழுவும் தொட்டிக்குப் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் தோள் குலுங்குவது சுவரில் நிழலாகத் தெரிந்தது. மகனின் சவப்பெட்டியை மூடின அன்றைக்குக்கூட நிமிர்ந்து நின்ற மனுஷன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். சபைக் கமிட்டியிலிருந்து விலகுவதாக அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததை அவள் சபைப் போதகர் ஐயர் வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். சனிக்கிழமைதோறும் அவள் வன்னியம்பட்டிக்குப் போனாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் ஸ்டாண்டு வரை காரில் கொண்டுபோய் விட்டார். வழியில் இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஆகஸ்டு பிறந்ததும், கல்லறைக்குக் கல் வைக்கிற ஆசாரி வாசகம் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ஒரு சனிக்கிழமை காலை அவள் புறப்படும்போது ஞானரத்தினம் ஒரு தாளை நீட்டினார். குண்டு குண்டான போலீஸ்காரக் கையெழுத்து. நாலைந்து தடவை அடித்து எழுதிய தடம் இருந்தது. மெல்வின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்குக் கீழே: கார்த்திகாவின் அன்புக் கணவர். இவாஞ்சலின், ஞானரத்தினம் ஆகியோரின் ஒரே மகன்.

"அந்தப் பிள்ளகிட்டக் காட்டு. சரியா இருக்கான்னு கேளு" என்றார்.

வன்னியம்பட்டியில் கார்த்திகா அதை வாசித்தாள். ஊராரின் மனுக்களையும் வாக்குமூலங்களையும் நாளெல்லாம் டைப் அடிக்கிறவள். பிழை தேடியே பழகின கண். இரண்டு தடவை வாசித்தாள்.

"தேதியெல்லாம் சரியா இருக்கு அத்தை" என்றாள். பிறகு தன் பெயரின் மேல் விரலை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் இவாஞ்சலின் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஞானரத்தினம் காரோடு ஸ்டாண்டில் நின்றார்.

"என்ன சொன்னா?"

"சரின்னா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

காந்தி சிலை தாண்டியதும் கேட்டார். "கல்லு வைக்கிற அன்னைக்கு அவ வருவாளா?"

"வருவா. நீங்க அவ பக்கத்துல நிக்கணும். தள்ளி நிக்கக் கூடாது."

"நிக்கேன்" என்றார் ஞானரத்தினம்.

இவாஞ்சலின் தலையாட்டிவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மில் ஷிப்டு விட்டு சனங்கள் சைக்கிளிலும் வண்டியிலும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.